கப்பாசிற்றரின் வெளித் தகடு

அக்காவின் வயலினுக்கு நான் செய்த அம்பிளிபயர் இரைந்தது. மறுநாள் மாலை உடுவிலில் ஒரு கல்யாண வரவேற்பில் அவர் வாசிக்க வேண்டும். மண்டபத்து ஒலிபெருக்கியில் வயலின் தகரம்போலக் கேட்கும் என்பதால்தான் என்னிடம் கேட்டிருந்தார்.

"உப்பிடி இரைஞ்சா நான் கொண்டுபோக மாட்டன். நான் மெல்லத்தான் தொடங்குவன், உது அதை முழுங்கிப்போடும்" என்றார்.

எனக்குக் காரணம் உடனே தோன்றிவிட்டது. உள்ளீட்டில், சிக்னலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு சின்னக் கப்பாசிற்றர், அதாவது மின்தேக்கி, இருந்தது. அதற்குள் இரண்டு மெல்லிய தகடுகள் பாய்போலச் சுருட்டப்பட்டிருக்கும். வெளிச்சுற்றில் இருக்கும் தகட்டின் கம்பிக் காலை எர்த்தில் கொடுத்தால், அது உள்தகட்டுக்குப் போர்வையாகி வெளி இரைச்சலைத் தடுக்கும். நான் மாறிக் கொடுத்திருந்தேன். அது மட்டுமில்லை, சரியான பக்கம் கொடுத்தால் நாதமே இனிமையாகும் என்று இணையத்தில் பலர் எழுதியிருந்ததையும் நம்பினேன்.

கழற்றித் திருப்பி, ஈயம் உருக்கி ஒட்டினேன். இரைச்சல் துப்புரவாகப் போய்விட்டது. அக்கா வில்லை ஒருமுறை இழுத்தார். தேன்!

"கேட்டியேடா வித்தியாசத்தை?" என்றேன், சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் வந்திருந்த நண்பனிடம். அவனும் அம்பிளிபயர் செய்பவன். கப்பாசிற்றருக்குத் தலையும் இல்லை வாலும் இல்லை என்பது அவன் கட்சி.

அவன் ஜன்னலைப் பார்த்தான். "மச்சான், பக்கத்து வெங்காயத் தோட்டத்திலை மோட்டர் நிண்டிட்டுது. நீ ஒட்டி முடிக்க அவையும் தண்ணி இறைச்சு முடிச்சிட்டினம்."

திருப்பிப் பழையபடி ஒட்டிப் பார்த்தேன். அப்போதும் இரைச்சல் இல்லை; அம்பிளிபயர் பிடித்தது அந்த மோட்டரின் இரைச்சலைத்தான். நண்பன் சிரித்த சிரிப்பைச் சொல்ல வேண்டாம்.

"நாளைக்கு மண்டபத்திலை ஜெனரேட்டர் போட்டா என்ன செய்யிறது?" என்றார் அக்கா. அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை மோட்டர் தொடங்கும்வரை காத்திருந்தோம். இந்தமுறை ஒட்டவில்லை; கப்பாசிற்றரைக் கிளிப்பில் மாட்டினோம். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். நண்பன் தன் விருப்பப்படி திருப்பினான், அல்லது திருப்பியதுபோலப் பாவனை செய்தான். எந்தப் பக்கம் என்று இரைச்சலை வைத்து நான் சொன்னதெல்லாம் சரி.

"ஓம், இரைச்சலிலை நீ வெண்டிட்டாய்" என்று ஒத்துக்கொண்டான். "இப்ப உன்ரை தேனைச் சொல்லு பாப்பம்."

மோட்டர் ஓய்ந்தது. அக்கா பாட்டின் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். உறுதியாகச் சொன்னேன், பிழை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன், அதுவும் பிழை. எனக்கு மிகவும் இனித்த தடவை, தகடு மாறிக் கிடந்திருக்கிறது.

"விசரா, அதிலை அக்கா வடிவா வாசிச்சவா, அவ்வளவுதான்!"

முதல்நாள் இனித்தது பொய் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது. இனித்தது. ஆனால் அந்த இனிமை கப்பாசிற்றருக்குள் இருக்கவில்லை. மோட்டர் நின்ற அமைதியிலும், நான் கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்திலும் எவ்வளவு இருந்தது, அக்காவின் கையில் எவ்வளவு இருந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"இனிமையை விடு. இரையாத பக்கமா ஒட்டித் தா, அது காணும்" என்றார் அக்கா.

ஒட்டினேன். சற்று நேரத்தில் பின்வளவில் எங்கள் வீட்டு மோட்டரைப் போட்டார்கள். மெல்லிய உறுமல் ஒன்று எழுந்தது, முன்பு போலில்லை. அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு, கேட்குமோ கேட்காதோ என்ற அளவில் ஒரு சுரத்தைப் பிடித்தார். கேட்டது.

"மூடியைப் பூட்டு, நேரம் போகுது" என்றார்.