மூன்றாம் நாளும் நூல் விடாத பாண்

பேக்கரியில் இரவு வேலை என்பது, எண்ணி முடியாத உயிர்களுக்கு மாவும் சீனியும் கொடுத்து வளர்த்து, விடியப்புறம் அத்தனையையும் போறணை நெருப்புக்குள் தள்ளிக் கொல்லுகிற வேலை. ஈஸ்டைத்தான் சொல்கிறேன். மா பொங்கும்வரை எங்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. இரவு வேலை பார்க்கிற உங்களுக்குத் தெரியும், அந்தச் சும்மா இருக்கிற நேரம்தான் ஆளைத் தின்னும். பழைய கவலையெல்லாம் நிரையில் வந்து நிற்கும். அதற்குப் பயந்துதான் போனில் கிருமிகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு முதலில் பாதிதான் விளங்கியது. விளங்கிய பாதியை யாருக்காவது சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

கடலடியில் ஒரு நித்திரை

முதலில் அகப்பட்டவர் முதலாளி பிலிப்பு அண்ணை. குருநகர்க்காரர், படகை விற்றுப் பேக்கரி போட்டவர். ஆழ்கடலின் அடியில், மனிதர் பிறக்க முன்பே படிந்த சேற்றை ஆராய்ச்சிக்காரர் தோண்டி எடுத்தார்களாம். அதற்குள் கிடந்த நுண்ணுயிர்களுக்கு உணவு கொடுத்ததும் அவை எழும்பித் தின்று பெருகினவாம். அதை வாசித்த அன்று எனக்கு என்னவோ ஓர் ஆறுதல். அவ்வளவு காலம் இருட்டில் கிடந்தும் சாகாமல் ஒன்று இருந்திருக்கிறதே. அண்ணை மேசையைத் துடைத்தபடியே முழுவதையும் கேட்டார்.

“உதுக்கு ஏன் கடலுக்கடியிலை போறாங்கள்? என்ரை மருமகனும் சாப்பாட்டுக் கோப்பைச் சத்தம் கேட்டால்தான் எழும்புறவன்.”

கூடிக் கதைக்கிற கிருமிகள்

அடுத்து அகப்பட்டவர் ஞானம்மா அக்கா. காலமை முதல் பாண் அவருக்குத்தான் போகும். கோயில் திருவிழாக் குழுவிலும் இருக்கிறார். அன்று அவர் அந்தோனியார் திருநாள் பாணுக்கு ஓடர் கொடுக்க வந்திருந்தார். கோயிலில் ஆசீர்வதித்துக் கொடுக்கிற அந்தப் பாணைச் சனம் உடனே தின்று முடிக்காது. ஒரு துண்டைத் தின்றுவிட்டு மிச்சத்தை வீட்டில் அந்தோனியாரின் சிலையான சுருவத்துக்கு முன்னால் இரண்டு மூன்று நாள் வைத்திருக்கும். கோயிலிலிருந்து எங்களுக்கு அது முதல் ஓடர். சந்தோசத்தில் நான் அவருக்கும் ஒரு கதை சொன்னேன்: பாக்டீரியாக்கள் இரசாயனத்தால் ஒன்றோடொன்று கதைக்கின்றன, போதிய ஆட்கள் சேர்ந்துவிட்டது என்று அறிந்த பிறகுதான் கூட்டாக வேலையைத் தொடங்குகின்றன.

“உவையை எங்கடை குழுக் கூட்டத்துக்கு அனுப்பு, தம்பி. ஆள் சேர்ந்தாப் பிறகும் தேத்தண்ணி வராமல் எங்கடையாக்கள் வேலை தொடங்காயினம்.”

வெண்டிக்காய்

திருநாளுக்கு இன்னும் கொஞ்ச நாள். வைகாசி வெக்கை. அக்கா முதல்நாள் பாணோடு வந்து, நிரையில் நின்ற எல்லாருக்கும் முன்னால் அதைப் பிய்த்துக் காட்டினார். இரண்டு துண்டுக்கும் நடுவில் சிலந்தி வலை மாதிரி நூல் நூலாய் இழுபட்டது. கனிந்து அழுகப் போகிற அன்னாசியின் மணம். நிரை ஓரடி பின்வாங்கியது.

“பாண்தானே தம்பி கேட்டனான். வெண்டிக்காய்க் கறியையும் ஏன் உள்ளுக்கு வைச்சுத் தந்தனி?”

நெருப்புக்குச் சாகாதது

மாவில் பிழை என்றார் அண்ணை. ஈஸ்டில் பிழை என்றேன் நான். இரண்டையும் மாற்றினோம். கரியாகுமட்டும் வேகவிட்டுப் பார்த்தோம். நூல் வந்தது. சுருவத்துக்கு முன்னால் நூல் வந்தால் ஓடரோடு கடையும் போய்விடும். திரும்பிப் போக அண்ணைக்குப் படகும் இல்லை. கடைசியில் வாசித்ததிலேயே விடை கிடைத்தது. மண்ணிலும் மாவிலும் இருக்கிற பசிலஸ் என்ற ஒரு கிருமி. ஓட்டுக்குள் வித்தாக ஒடுங்கிக் கிடக்கும்போது போறணைச் சூடும் அதைக் கொல்லாது. பாண் ஆறாமல் வெக்கையில் கிடந்தால் அது எழும்பி, பாணின் உள்ளைக் கரைத்து நூலாக்கும். கடலடிச் சேற்றில் கிடந்தவற்றின் அதே நித்திரைக் குணம்.

மிஞ்சிய பாணை ஊறவைத்துப் புது மாவோடு பிசைவது எங்கள் கடை வழக்கம். பாணை எறிவது பாவம் என்பார் அண்ணை. அதாவது ஒவ்வொரு இரவும் நாங்களே அதற்கு விதை போட்டுக்கொண்டிருந்தோம். அதை நிறுத்தச் சொன்னேன். அந்தக் கிருமிக்குப் புளிப்பு ஆகாது என்பதால் தொட்டியையும் மேசையையும் வினாகிரியால் கழுவி, மாவுக்குள்ளும் ஊற்றினேன். வெந்த பாணை நன்றாக ஆறவிட்ட பிறகே அடுக்கினோம். முதல் பாணைக் கடித்த அண்ணையின் முகம் கோணிப்போனது.

“அந்தோனியார் பாவம், குடுத்ததைத் தின்னுவார். ஞானம்மா தின்னமாட்டா. வினாகிரியைக் குறை.”

சுருவத்துக்கு முன்னால்

குறைத்தோம். ஒரு பாணைப் பையில் சுற்றி, கடையிலேயே வெக்கை கூடின இடமான போறணைத் தலையில் வேண்டுமென்றே போட்டு வைத்தோம். நூல் வரவில்லை. திருநாள் பாண் கோயிலுக்குப் போனது. அதன்பிறகு பகலிலும் எனக்கு நித்திரை இல்லை.

மூன்றாம் நாள் காலமை அக்கா வெள்ளை லேஞ்சித் துணியில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். நிரை எட்டிப் பார்த்தது. அண்ணை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அக்கா பாணை எடுத்து, மெல்ல மெல்லப் பிய்த்தார். கண்ணாடிப் பெட்டியின் மேல் வெள்ளைத் துகள் உதிர்ந்தது. வேறொன்றும் இல்லை. இன்னும் அகட்டினார். இல்லை. ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார், தலையாட்டினார். அண்ணை நிரையில் நின்ற எல்லாருக்கும் ஆளுக்கொரு இனிப்புப் பணிஸ் சும்மா கொடுத்தார். அவர் அப்படிக் கொடுத்து நான் கண்டதில்லை. என் கண் கலங்கியதற்கு வினாகிரியைக் காரணம் சொன்னேன். பிறகு, விடுவேனா, வித்து, ஓடு, புளிப்பு என்று விளக்கத் தொடங்கினேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

“துலைஞ்ச சாமானைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர் எங்கடை அந்தோனியார். இஞ்சை மட்டும் நூலைத் துலைச்சுக் குடுத்திருக்கிறார், தம்பி.”

ஆக, புகழ் அந்தோனியாருக்கு, அடுத்த வருச ஓடர் பிலிப்பு அண்ணைக்கு, நல்ல நித்திரை மாவுக்குள் கிடக்கிற கிருமிக்கு, எனக்கு வழக்கம்போல முழிப்பு.