வெண்கலக் கையின் சூடு

பேய் பிசாசெல்லாம் நம்பற ஆள் நான் இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இதக் கேட்டுட்டு நீங்க ஒரு சிரிப்பு சிரிப்பீங்கன்னு எனக்குத் தெரியும். ஞாயித்துக்கெழம மாதா கோயில் பூசைக்குப் போவேன், செத்தவங்களுக்காக ஒரு மெழுகுவத்தி ஏத்துவேன், அதோட சரி. செத்தவங்க திரும்பி வருவாங்கன்னா எங்க வூட்டுக்காரரு எப்பவோ வந்திருக்கணும். நாலு வருஷமா மண்ணூர் வூட்ல நான் மட்டும்தான், ராத்திரி கதவு ஆடினாக்கூட காத்துன்னுதான் எழுந்து போய் சாத்திட்டு வருவேன்.

என் வேலை, ஏலத்துக்கு வர்ற பழைய வெண்கலச் சாமான் பாக்கறது. விளக்கு, வெத்தலப் பெட்டி, பூ ஜாடி, பொம்மைங்க, எது வந்தாலும் எந்தக் காலத்து வேலை, எங்க ஒட்டு போட்டிருக்காங்கன்னு மெட்ராஸ் கம்பெனிக்கு எழுதிக் குடுக்கணும். ஒட்ட கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. கையுறைய கழட்டிட்டு வெறும் உள்ளங்கையால மெதுவா தடவிகிட்டே போவணும். வெண்கலம்னா சில்லுனு இருக்கும். உடைஞ்ச இடத்துல பசை வச்சு அடைச்சு மேல கலர் ஏத்தியிருந்தா அந்த இடம் மட்டும் அவ்ளோ சில்லுனு இருக்காது. கண்ணுக்குத் தெரியாத ஒட்டெல்லாம் நான் இப்படித்தான் புடிச்சிருக்கேன்.

போன வருஷம் ஐப்பசி, நல்ல மழை. வல்லக்கோட்டை தாண்டி கேட் போட்ட குடியிருப்புல ஒரு வூடு. ஓரகடத்துல பெரிய வேலைல இருந்து ரிட்டயர் ஆன ஒருத்தர் அங்க தனியா இருந்து தனியாவே போய்ச் சேந்துட்டார். மகன் வெளிநாட்டுல, எல்லாத்தையும் ஏலத்துல விட்டுடுங்கன்னு போன்லயே முடிச்சிட்டான். ஆறு மாசமா பூட்டிக் கெடந்த வூடு. வாட்ச்மேன் ஏழுமலை கதவத் தெறந்து விட்டுட்டு, “கரண்ட்ட கட் பண்ணிக் கீதும்மா, ஜன்னலாண்ட வச்சு பாத்துக்கோ, நான் துன்னுட்டு வரேன்”னு போயிட்டார். அப்ப பகல் ஒண்ணு, ஒண்ணேகால் இருக்கும்.

மத்ததெல்லாம் சீக்கிரம் முடிஞ்சுது. கடைசியா ஒரு பாவை விளக்கு, என் இடுப்பு உசரம், ஒரு சாய்வு நாற்காலிக்குப் பக்கத்துல நின்னுது. சாதாரணமா பாவை ரெண்டு கையாலயும் அகல் விளக்க ஏந்திகிட்டு நிக்கும், இது இடது கைல மட்டும் ஏந்திகிட்டு, மோதிரம் போட்ட வலது கைய உள்ளங்கை மேல பாக்கற மாதிரி நீட்டிகிட்டு இருந்துது. நல்ல பழைய வேலை. போட்டோ எடுத்தேன், கையுறைய கழட்டினேன், தலைல இருந்து தடவிகிட்டே வந்தேன். எல்லாம் சில்லுனு. வலது கைக்கு வந்ததும் சில்லுனு இல்ல.

சரி, கை ஒட்டுன்னு பேப்பர்ல எழுதிட்டேன். எழுதிட்டு டார்ச் அடிச்சுப் பாக்கறேன், மணிக்கட்டுல ஒரு கோடு கூட இல்ல. நகத்தால தட்டினா மணி மாதிரி கேக்குது, பசை வச்சிருந்தா அப்படிக் கேக்காது. மறுபடி தொட்டுப் பாத்தேன். நம்பினா நம்புங்க, சூடா இருந்துது. வெயில் பட்ட சூடு இல்ல, வெளிய மழைதான. மனுஷன் கை சூடு.

ஓடி வந்திருக்கணும். எனக்கு என்னவோ ஓடத் தோணல. அந்த நாற்காலில உக்காந்து என் கைய அது கை மேல வச்சேன். எங்க வூட்டுக்காரரு போனதுக்கப்புறம் யாரும் என் கையப் புடிச்சதே இல்லன்னு அப்பதான் உறைச்சுது. பூசைல பக்கத்துல நிக்கறவங்களுக்கு சமாதானம் சொல்லும்போது கூட இப்பல்லாம் கை குடுக்காம கும்பிடுதானே போடறாங்க. அழுதேன், ஆமா, வெக்கமில்லாம அழுதேன்.

பத்து நிமிஷம்தான் உக்காந்தேன்னு நெனைச்சேன். ஏழுமலை வந்து வாசல்ல நின்னு, “இன்னாம்மா, மணி அஞ்சாவுது, இன்னும் முடியலியா?”ன்னார். நான் அந்த நாற்காலில இருக்கறத பாத்துட்டு அவரே சொன்னார், “சாரும் இப்டித்தான், எந்நேரமும் இங்கதான் குந்திக்கினு இருப்பாரு, அது கையப் புடிச்சிக்கினு.”

கைய எடுத்துகிட்டு ஆட்டோல ஏறினேன். வெளிச்சத்துல பாக்கறேன், என் புறங்கைல நாலு விரல் தடம், அழுத்தமா. சிலை விரல்ல இருந்த மோதிரத்தோட வரி கூட பதிஞ்சிருந்துது. நான் கைய மேலதான வச்சேன், புறங்கைல எப்படி வரும், நீங்களே சொல்லுங்க.

இப்ப நான் பண்ணினத சொல்லணும். ஒட்டுன்னு எழுதின பொருள எங்க கம்பெனி ஏலத்துல வைக்காது, கேக்கறவங்களுக்கு எடைக்குக் குடுத்துடும். அந்த ஒரு வரிய அப்படியே விட்டா பாவை எனக்கு. ரெண்டு நாள் அந்தப் பேப்பர அனுப்பாம வச்சுகிட்டு, டிவி பக்கத்துல நிறுத்தலாமா, கட்டிலாண்ட நிறுத்தலாமான்னு கூட யோசிச்சேன். இருபது வருஷத்துல ஒரு பொய் எழுதினதில்ல நான். திருடிகிட்டு வந்து வச்சா எந்த மூஞ்சிய வச்சுகிட்டு அந்தக் கையப் புடிப்பேன். மூணாம் நாள் அந்த வரிய அடிச்சிட்டு ‘குறை எதுவும் இல்லை’ன்னு எழுதி அனுப்பிட்டேன்.

நல்ல வெலைக்குப் போச்சு. சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு ஹோட்டல்காரர் வாங்கி வரவேற்புல நிறுத்திட்டார். மனசு கேக்கல, ஒரு நாள் சாயங்காலம் பஸ் புடிச்சுப் போனேன். பொட்டியும் கையுமா ஆளுங்க வராங்க, போறாங்க, ஒருத்தரும் அத திரும்பிப் பாக்கல. பக்கத்துல போய் நின்னு வலது கையத் தொட்டேன். சில்லுனு இருந்துது, எல்லா வெண்கலமும் போல.

அப்புறம்தான் குனிஞ்சு பாத்தேன். கை மூடியிருந்துது. நாலு விரலும் மடங்கி, இறுக்கமா, எதையோ புடிச்சுகிட்ட மாதிரி. வெண்கலத்த வளைச்சா வெடிப்பு விழும், அங்க ஒரு கீறல் இல்ல. கவுண்ட்டர்ல இருந்த பொண்ணக் கேட்டேன், “வந்ததுல இருந்து இப்படித்தான் மேடம் இருக்கு”ன்னுது. என் போன்ல இருக்கற போட்டோல அந்தக் கை விரிஞ்சுதான் இருக்கு, வேணும்னா காட்டறேன்.

யாரும் பாக்காத நேரமா என் சுண்டு விரல அந்தக் கைக்குள்ள நுழைச்சுப் பாத்தேன். போகல. உள்ள எடமில்ல.