கிணற்றடி அறைக்குச் சூடு

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் கிணற்றை ஒட்டிய அறையில்தான் என் மகள் பிறந்தாள். அதுவும் எட்டாம் மாதத்திலேயே. பிரசவத்துக்கு என்னைத் தஞ்சாவூருக்கு அனுப்ப நாள் பார்த்து வைத்திருந்தார்கள். அவளுக்கு அதுவரை பொறுமை இல்லை. யுத்த காலம், கார்த்திகை மாதம், விடாத மழை. மெட்ராஸில் குளிரா என்று சிரிப்பவர்களை அந்த அறையில் ஒரு நாள் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும். வெயில் எட்டியே பார்க்காது. கிணற்றுப் பக்கச் சுவர் எப்போதும் நசநசவென்று ஈரமாக இருக்கும். உடைந்த சாமான்களைப் போட்டு வைக்கும் இடம். பிள்ளை பெற்றவளுக்கும் அதையே ஒதுக்கியிருந்தார்கள்.

லேடி டாக்டர் குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவளைக் குளிர விடாதே. உடம்பு சில்லிட்டா பால் இழுக்க மாட்டா. பால் இழுக்கலேன்னா..." என்று நிறுத்திக்கொண்டார். "அதுக்காக வேக வெச்சுடாதே. சூடு ராவும் பகலும் ஒரே சீரா இருக்கணும். புரியறதா?"

நன்றாகவே புரிந்தது. சொல்லாமல் விட்டதும் புரிந்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் பூனைக்குட்டி மாதிரி முனகிக்கொண்டிருந்தாள் என் பெண். இந்தப் பாழாய்ப்போன அறையைச் சூடாக்காமல் விடுவதில்லை என்று அப்போதே தீர்மானம் செய்துவிட்டேன்.

வீட்டை ஆண்டவர் என் நாத்தனார். சின்ன வயதிலேயே கணவரை இழந்து, குழந்தை குட்டி இல்லாமல், தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். குழந்தை பிறந்த தீட்டு எனக்கும் என் கணவருக்கும் உண்டு. வேறு கோத்திரத்தில் வாழ்க்கைப்பட்டதால் அவருக்கு மட்டும் கிடையாது. ஆகவே தீட்டுக் கழியும்வரை சமையலறை முழுக்க அவர் ராஜ்ஜியம். நான் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது.

முதலில் அவர்தான் குமுட்டி அடுப்பில் கரியைப் பற்றவைத்து வாசற்படியில் வைத்தார். "உள்ள இழுத்துண்டு, ஜன்னலைச் சாத்திக்கோ" என்றார். சாத்தினேன். கதகதவென்றுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலையை வலித்தது, குமட்டியது. குழந்தையைத் தொட்டால் துணி மாதிரி துவண்டு கிடக்கிறாள். ஐயோ என்று ஜன்னலைத் திறந்து, குமுட்டியைக் காலால் வெளியே தள்ளினேன்.

"சூடெல்லாம் போயிடும்டீ!" என்று கத்தினார்.

"போனா போகட்டும்! மூச்சே போயிடும் போலிருக்கே, அக்கா!"

மரியாதை பார்க்கிற நேரமா அது? கட்டிலை ஈரச்சுவரிலிருந்து தள்ளிப் போட்டேன். கதவிடுக்கில் கோணியைத் திணித்தேன். ஜன்னல் ஒரு சாண் திறந்தே இருக்கட்டும், அடுப்பில் சுட்ட செங்கல்லைத் துணியில் சுற்றிக் குழந்தையின் கூடையில் வைக்கலாம் என்று யோசனை வந்தது. அதற்கும் நாத்தனார் குறுக்கே நின்றார். "உள்ள போயிட்டு வந்த கல்லு என் அடுப்புல ஏறப்படாது."

சரி, ஏற வேண்டாம். கொல்லையில் தகரக் கூரைக்குக் கீழே வெந்நீர் அடுப்பு இருந்ததே! அதுவரை ஒரு தீக்குச்சிகூடக் கிழித்தறியாத என் கணவர், ஈர விறகோடு மல்லுக்கட்டிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு செங்கல் சுட்டார். முறத்தில் வைத்து வாசற்படி தாண்டித் தள்ளுவார். முதலில் கல் கொதிக்கும், அப்புறம் ஆறிப்போகும், சீராகவே வராது. துணியை வைத்துத்தான் அதை வழிக்குக் கொண்டுவந்தேன். சுடச்சுட வரும் கல்லுக்கு நாலு மடிப்பு, ஆற ஆற மடிப்பைக் குறைத்துக்கொண்டே வருவது. ஒரு கல் கூடையில், இன்னொன்று அடுப்பில். புறங்கையால் அவள் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பதுதான் என் தெர்மாமீட்டர். பாதம் சூடாக இருந்தபோதெல்லாம் இரண்டு வாய் பாலாவது இழுத்தாள்.

அப்புறம் ஒரு நாள் காலையில் பேய்க்காற்று அடித்தது. தகரக் கூரை பறந்து வெந்நீர் அடுப்பு குளமாகிவிட்டது. கணவர் ஆபீசுக்குப் போயிருந்தார். கூடையில் இருந்த கல் ஆறிவிட்டது. குழந்தையை மார்போடு அணைத்துப் பார்த்தேன். எனக்கே பால் ஜுரம், வியர்த்து நனைந்து வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தேன். குழந்தையின் பாதம் ஜில்லென்று இருந்தது. வாயில் மார்பை வைத்தாலும் உதடு அசையவில்லை.

அவளைக் கூடையில் விட்டுவிட்டுச் செங்கல்லை எடுத்தேன். கூடத்தைத் தாண்டி நேராகச் சமையலறைக்குள் நுழைந்தேன்.

"அடிப்பாவி! நில்லுடீ!" என்று நாத்தனார் பதறினார். அடுப்பில் சாதம் கொதித்துக்கொண்டிருந்தது.

"பானையை இறக்குங்கோ அக்கா. இல்லேன்னா நானே இறக்குவேன். குழந்தை சில்லிட்டுப் போயிட்டா."

என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். பானையை இறக்கினார். "வை கல்லை" என்றார். வைத்தேன். உடனே, "நீ இங்க நிக்கறியே, அசடே, குழந்தைகிட்ட யாரு இருக்கா?" என்று கேட்டவர், என் பதிலுக்கு நிற்காமல் ஓடினார்.

கல் சூடேறியதும் துணியில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தேன். நாத்தனார் என் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைப் புடவைக்குள், வெறும் மார்போடு குழந்தையை அணைத்து, மேலே கம்பளியையும் இழுத்துச் சுற்றியிருந்தார். சின்னத் தலை மட்டும் வெளியே தெரிந்தது. நான் கைவிட்டுப் பாதத்தைத் தொட்டேன். சூடாக இருந்தது. அதற்குள் அந்தத் தலை இப்படியும் அப்படியும் திரும்பி, வாயைத் திறந்து அவர் மார்பில் முட்டியது. பிறந்ததிலிருந்து அவள் தானாகப் பால் தேடி நான் பார்த்ததே இல்லை.

நாத்தனாரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"என்கிட்டப் போய்த் தேடறாளேடீ, அசடு! வாங்கிக்கோ, சீக்கிரம் வாங்கிக்கோ" என்றார். சொல்லிவிட்டு, கொடுக்க மனம் வராமல் இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.