பூனோவில் பஸ் காத்திருந்த காலை

ஓசூர் சிப்காட் பக்கம் வேலை செய்கிறவர்களுக்குப் பவளம் மெஸ் தெரியும். பலகையில் ஏதோ ஒரு சாமி பேர் எழுதியிருக்கும். யாரும் அதைச் சொல்வதில்லை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த பையன்களுக்குக் காரக்குழம்பும், பாகலூர்க்காரர்களுக்குக் களியும் கீரையும் ஒரே நேரத்தில் அடுப்பில் கிடக்கும். பவளம் தமிழில் சாப்பாடு கேட்டுப் பரிமாறிக்கொண்டே, கன்னடத்தில் அரிசிக்காரரிடம் பேரம் பேசி, தெலுங்கில் பாத்திரம் தேய்க்கிற அம்மாளையும் அவசரப்படுத்துவாள். சாமல்பட்டியில் பிறந்து, கந்தனைக் கட்டிக்கொண்டு ஓசூருக்கு வந்தவள். கந்தன் ஒரு கம்பெனியில் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறான்.

அந்த மெஸ்ஸில் சாப்பிட்டு வளர்ந்தவர்களில் ராஜேஷ்குமாரும் ஒருவன். கம்பெனி டிரெய்னியாக இருந்தவன், மெஷின் வேலை ஒத்துவராமல் பெங்களூரில் ஒரு சுற்றுலா நிறுவனத்தில் சேர்ந்து டூர் மேனேஜர் ஆகிவிட்டான். சைவச் சாப்பாடு மட்டுமே சாப்பிடுகிறவர்களை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போவதும், கூடவே ஒரு சமையல்காரரை அனுப்புவதும் அந்த நிறுவனத்தின் வழக்கம். போன வருஷம் பெரு நாட்டுக்கு மூன்று வாரப் பயணம் ஒன்று முடிவாகியிருந்தது. கிளம்ப ஒன்றரை மாதம் இருக்கும்போது சமையல்காரர் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். ராஜேஷ்குமார் நேரே மெஸ்ஸுக்கு வந்து நின்றான்.

பெரு எங்கே இருக்கிறது என்று பவளத்துக்குத் தெரியாது. போனில் படத்தைக் காட்டினான். மேகத்துக்குள் கல் வீடுகள், படிப்படியாக வெட்டிய மலை. இன்கா ராஜாக்கள் கட்டியது என்றான். பவளம் படத்தை விட்டுவிட்டு, அங்கே காஸ் அடுப்பு இருக்குமா, பருப்பு கிடைக்குமா என்று கேட்டாள். என்றைக்காவது சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனால் அம்மா வந்து பார்க்க வேண்டும் என்று மகள் எடுத்துக்கொடுத்த பாஸ்போர்ட், ஒரு முத்திரையும் விழாமல் பீரோவில் கிடந்தது. மெஸ்ஸைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் சம்மதித்தாள். எல்லாம் பொருந்தி வந்தது, ஒன்றைத் தவிர.

பவளத்துக்கு வீசிங் உண்டு. சில வருஷங்களாகவே. லாரிப் புழுதியும் தாளிப்புப் புகையும் சேர்ந்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். முக்கால்வாசி நாள் தலையணை இரண்டை முட்டுக்கொடுத்துச் சாய்ந்தபடிதான் தூக்கம். நெஞ்சு டாக்டரிடம் போய் மலை ஊரைப் பற்றிச் சொன்னாள். அவர் ஊதச் சொல்லிப் பார்த்து, படம் எடுத்து, தினமும் மருந்தை விடாமல் எடுத்தால் போகலாம், கூட வருகிறவர்களிடம் சொல்லிவையுங்கள் என்றார். முதல் பாதியை மட்டும் பவளம் எடுத்துக்கொண்டாள்.

“ராஜேஷ்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடு” என்றான் கந்தன்.

“சொன்னா வேற ஆளத் தேடிப் போயிரும் அந்தத் தம்பி. டாக்டரே போலாம்னுட்டாரு. நீங்க சும்மா இருங்க.”

அப்படித்தான், இன்ஹேலரைப் பெட்டியில் போடாமல் இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு, பவளம் விமானம் ஏறினாள்.

கூட்டத்தில் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். பெங்களூர், ஓசூர், சேலம் என்று கலந்திருந்தார்கள். வங்கியில் அதிகாரியாக இருந்த சாந்தம்மா அவர்களில் குரல் உயர்ந்தவர். எதுவும் குறித்த நேரத்தில் நடந்தாக வேண்டும் அவருக்கு. கடலோரத் தலைநகரான லீமாவில் எட்கார் என்கிற வழிகாட்டி வந்து சேர்ந்துகொண்டார். குஸ்கோ ஊர்க்காரர், குள்ளமான, மெதுவாகப் பேசுகிற மனிதர். தன் தாத்தா பாட்டி பேசிய கெச்சுவா மொழியில் கொஞ்சம், ஸ்பானிஷில் கொஞ்சம், ஆங்கிலத்தில் மீதி என்று பேசுவார். மூன்று மொழிக் கலப்பு பவளத்துக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

ஒவ்வொரு ஊரிலும் ஹோட்டல்காரர்கள் தங்கள் சமையல் முடிந்த பிறகு அடுப்பைக் கொடுத்தார்கள். அரேகிபாவில் வெள்ளைக் கல் கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு எரிமலை, கோபுரம் மாதிரி கூராக நின்றது. அங்கே சந்தையில் உருளைக்கிழங்கில் மட்டும் ஊதா, கறுப்பு, மஞ்சள் என்று குவியல் குவியலாகப் பார்த்துப் பவளம் அசந்துபோனாள். எது வறுவலுக்கு ஆகும், எது குழையும் என்று தெரியாமல் வாங்கி, முதல் நாள் வறுவல் கூழாகிவிட்டது. மற்றவர்கள் அதையும் சாப்பிட்டு எழுந்தார்கள். சாந்தம்மா மட்டும், இது என்ன பொரியலா மசியலா என்று கேட்டார்.

மலை ஏற ஏறப் பவளம் தன் நெஞ்சையே கவனித்துக்கொண்டிருந்தாள். பஸ் கணவாயைக் கடந்தபோது எல்லோரும் தலைவலி என்றார்கள், மலை ஊர்க்காரர்கள் கொடுத்த கோக்கா இலைத் தேநீர் குடித்தார்கள், இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். அவளுக்கும் படியேறினால் இரைத்தது. ஆனால் அந்த விசில் சத்தம், நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி வரும் சத்தம், வரவில்லை. புழுதி இல்லாத, காய்ந்த, குளிர்ந்த காற்று. கொல்கா பள்ளத்தாக்கில் ஒரு தலையணையில் படுத்துத் தூங்கி எழுந்தாள். காலையில் அது உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. மருந்து வேலை செய்கிறதா, காற்று வேலை செய்கிறதா என்று தெரியவில்லை. கந்தனுக்குப் போன் போட்டு, நல்லா இருக்கன், நீங்க பயப்பட வேணாம் என்றாள்.

இருமிக்கொண்டிருந்தவன் ராஜேஷ்குமார்தான். முப்பத்திரண்டு வயது, கல் மாதிரி உடம்பு. சளி பிடித்திருந்தது. அதோடு பெட்டிகளைத் தூக்கி ஏற்றுவதும், பின்தங்கியவர்களுக்காக ஓடுவதுமாக இருந்தான். பவளம் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். “ஒண்ணுமில்லக்கா, ஏசி சளி” என்று சொல்லிவிட்டான்.

பூனோ, பெரிய ஏரிக்கரையில் இருக்கிற ஊர். அங்கே தெருவெல்லாம் நம் ஊர் ஆட்டோ மாதிரியே மூன்று சக்கர வண்டிகள். இதில் ஒன்றையாவது தன் மெஸ்ஸில் சாப்பிடுகிறவன் எவனாவது ஓசூர் கம்பெனியில் பூட்டி அனுப்பியிருப்பான் என்று பவளத்துக்கு ஒரு நினைப்பு ஓடியது. மறுநாள் காலை, எல்லோரும் ஏரியில் கோரைப்புல்லால் கட்டிய மிதக்கும் தீவுகளைப் பார்க்கப் போக வேண்டும். உப்புமாவும் காபியும் முடிந்து கூட்டம் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தது. ராஜேஷ்குமார் மட்டும் வரவில்லை.

பவளம் அவன் அறைக் கதவைத் தட்டினாள். திறந்தான். திறந்த கையோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். கதவுக்கும் கட்டிலுக்கும் நான்கு எட்டு இருக்காது. இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினான். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது.

அவளுக்கு வைத்தியம் எதுவும் தெரியாது. ஆனால் அப்படிக் கையை ஊன்றி உட்கார்வது எப்போது என்று தெரியும். அவளே அப்படி உட்கார்ந்திருக்கிறாள்.

“குளிருதுக்கா. அஞ்சு நிமிசத்துல வந்துடறன். நீங்க பஸ்ஸ அனுப்புங்க” என்றான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினான்.

“நீ எங்கயும் வர வேணாம். அப்படியே உக்காரு” என்று சொல்லிவிட்டுப் பவளம் படியிறங்கி ஓடினாள். பஸ் வாசலில் நின்ற எட்காரின் கையைப் பிடித்து, “பிரீத்திங் நோ குட். டாக்டர். நவ்” என்றாள். எட்கார் அவள் முகத்தைப் பார்த்ததும் உள்ளே ஓடினார். ஹோட்டல் வரவேற்பில் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. அந்த உயரத்தில் எல்லா ஹோட்டலிலும் வைத்திருப்பார்களாம். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு மேலே போனார்கள். விரலில் மாட்டிப் பார்க்கிற கருவியை எட்கார் வைத்திருந்தார். கொரோனா காலத்தில் பவளம் அந்தக் கருவியைப் பார்த்திருக்கிறாள். அதில் அறுபத்துச் சொச்சம் என்று எண் வந்தது; தொண்ணூறுக்குக் கீழே போனாலே ஆபத்து என்று அப்போது சொல்லியிருந்தார்கள்.

பஸ்ஸில் முணுமுணுப்பு கிளம்பியிருந்தது. சாந்தம்மா இறங்கி வந்து, படகு நமக்காகக் காத்திருக்குமா, ஒரு சளிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா, மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்கக் கூடாதா என்று கன்னடத்தில் கேட்டார். இந்தக் கூட்டத்தில் பவளம் இதுவரை யாரிடமும் எதிர்த்துப் பேசியதில்லை. சாப்பாடு போடுகிறவள் பேசக் கூடாது என்று நினைத்திருந்தாள். அன்றைக்கு நின்று, அதே கன்னடத்தில், அம்மா, அந்தப் பையன் மூச்சுக்குத் தவிக்கிறான், படகு போனால் போகட்டும் என்று சொன்னாள். அப்போது ஹோட்டல் ஆட்கள் ராஜேஷ்குமாரை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். சாந்தம்மா அவன் உதட்டைப் பார்த்தார். பஸ்ஸை ஒதுக்கி, கிளினிக்குக்குப் போகிற டாக்ஸிக்கு வழிவிடச் சொல்லி டிரைவரிடம் ஓடியவர் அவர்தான்.

கிளினிக்கில் படம் எடுத்துப் பார்த்த பெண் டாக்டர், உயரத்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, ஆக்சிஜன் வைத்திருக்கிறோம், இன்றைக்கே விமானத்தில் கீழே லீமாவுக்கு அனுப்ப வேண்டும் என்றார். எட்கார் மொழிபெயர்த்துச் சொன்னார். 

மாஸ்க் போட்டுக் கொஞ்ச நேரத்தில் அவன் உதட்டில் நிறம் திரும்பியது. பவளம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு அழுகை வந்தது.

“ரெண்டு நாளாவே சரியில்லக்கா. ஆபீஸ்ல சொன்னா இனிமே மலை டூர் தர மாட்டாங்கன்னு சொல்லல.”

பவளம் இடுப்புப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து அவன் போர்வைமேல் வைத்தாள்.

“நானும் சொல்லல தம்பி. எனக்கு வீசிங் இருக்குது. சொன்னா கூட்டிட்டு வர மாட்டன்னு பயந்துக்கிட்டன்.”

அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மாஸ்க்குக்குள் சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. நர்ஸ் வந்து இருவரையும் அதட்டினார்.

மத்தியானம் அவனைப் பக்கத்து ஊர் விமான நிலையத்துக்கு ஆம்புலன்ஸில் ஆக்சிஜனோடு அனுப்பினார்கள். எட்காரின் நிறுவனத்து ஆள் ஒருவர் லீமா வரைக்கும் கூடப் போனார். தன்னையும் அழைத்துப் போகச் சொல்லிப் பவளம் கேட்டுப் பார்த்தாள். ராஜேஷ்குமார் தலையாட்டி மறுத்தான். “குரூப்ப விட்டுட்டு வராதீங்க. அவங்களுக்கு வேற யாரு இருக்கா” என்றான்.

பெங்களூர் அலுவலகம் எட்காரையே மேனேஜராகவும் இருக்கச் சொன்னது. பவளம் தன் மூச்சு விஷயத்தை அன்றே அவரிடம் சொன்னாள். அவர் அவள் விரலிலும் கருவியை மாட்டிப் பார்த்து, என்னைவிட உனக்கு நன்றாக இருக்கிறது என்று சைகையில் சொன்னார். அதன்பிறகு தினமும் காலையில் எல்லோருக்கும் மாட்டிப் பார்ப்பது வழக்கமானது. சாந்தம்மா அந்த வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார். குஸ்கோவில் ஒரு மாலை, சமையல்கட்டுக்கு வந்து உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவினார். 

குஸ்கோவுக்கு மேலே இன்காக்களின் கோட்டைச் சுவர் இருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற பாறைகளை, நடுவில் சாந்து இல்லாமல், ஒரு கத்தி நுழையாதபடி சேர்த்து வைத்திருக்கிறார்கள். கிரானைட் வெட்டுகிற ஊரிலிருந்து வந்த பவளம் அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தாள். ஆனால் மனசு அங்கே இல்லை. லீமாவிலிருந்து வரும் செய்தி ஒரு நேரம் பரவாயில்லை என்றிருக்கும், இன்னொரு நேரம் காய்ச்சல் என்றிருக்கும். ராஜேஷ்குமாரின் அம்மா ஓசூரிலிருந்து போன் செய்து, நீ பக்கத்துல இருக்கியாம்மா என்று கேட்டபோது, வெறுமனே இல்லை என்று சொல்லப் பவளத்துக்கு மனம் வரவில்லை. வேற ஊர்ல இருக்கன், ஆனா நல்லா பாத்துக்கறாங்க என்று சொல்லிவைத்தாள்.

கடைசி வாரம் ஒயாந்தைதாம்போ என்ற ஊரில் தங்கினார்கள். மற்றவர்கள் விடிகாலை ரயிலில் ராஜேஷ்குமார் அன்றைக்குப் போனில் காட்டிய மாச்சு பிச்சுவைப் பார்க்கப் போனார்கள். சமையல்காரருக்கு அந்த டிக்கெட் கிடையாது. ராஜேஷ்குமாரின் டிக்கெட் இருந்தது. ஆனால் அது அவன் பாஸ்போர்ட் பெயரில் இருந்ததால் பவளத்துக்கு ஆகாது. எட்கார்தான் வருத்தப்பட்டார். போகிற வழியில், ஊரை ஒட்டியிருக்கும் இன்காப் படிக்கட்டு மலைக்கு ஒரு டிக்கெட் வாங்கி அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பகல் சமையல் இல்லாத நாள். பவளம் தனியாகப் படியேறினாள். சேலையைத் தூக்கிச் செருகி, ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்தி, பத்துப் படிக்கு ஒருதரம் நின்றாள். கீழே கல் தெருக்களில் வாய்க்கால் தண்ணீர் ஓடியது. எதிர்மலையில் இன்காக்கள் தானியம் வைத்த கிடங்குகள் செங்குத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. பாதி மலைக்கு வந்தபோது போன் அடித்தது.

“அக்கா, படம் எடுத்தாங்க. தண்ணி இல்லயாம். நாளைக்கு வீட்டுக்கு, இல்ல, ஹோட்டலுக்கு அனுப்பறாங்க.” மூச்சு வாங்காமல், ஒரே இழுப்பில் சொன்னான்.

பவளம் அப்படியே படியில் உட்கார்ந்தாள். உங்கம்மாவுக்குச் சொல்லிட்டியா என்று கேட்டாள். சொல்லிவிட்டானாம். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். சூப்பும் ரொட்டியும், வாயே செத்துப் போச்சு என்றான். போனை வைத்த பிறகு அவளுக்குக் கண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கவும் தோன்றவில்லை. மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்று, உடம்பு சரியில்லையா என்று சைகையில் விசாரித்தாள். பவளம் இல்லை இல்லை என்று தலையாட்டிவிட்டு, அவளோடு சேர்ந்தே உச்சிவரை ஏறினாள். இறங்கும்போதுதான் பசித்தது. சந்தையில் வேகவைத்த சோளம் வாங்கினாள், ஒவ்வொரு மணியும் புளியங்கொட்டை பெரிசு. கல் வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்து முழுசையும் தின்று முடித்தாள்.

லீமாவில் ராஜேஷ்குமார் ஹோட்டல் வாசலில் நின்றிருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. பெட்டியைத் தூக்கப் போனவனைச் சாந்தம்மா அதட்டி உட்கார வைத்தார். அன்றைக்குப் பவளம் மீதமிருந்த அரிசி முழுவதையும் குழைய வடித்துத் தயிர்ச் சோறு கிளறினாள். அவன் மூன்றாவது தடவை கேட்டு வாங்கியதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெங்களூர் விமான நிலையத்துக்குக் கந்தன், கூட வேலை செய்கிறவரின் காரை இரவல் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். மலை எப்படி இருந்தது, ராஜா கோட்டை எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டே வந்தான். அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் பதில் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தான். சீட்டில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, பவளம் தூங்கிக்கொண்டிருந்தாள். காது கொடுத்துக் கேட்டான். நெஞ்சில் எந்தச் சத்தமும் இல்லை. புழுதி வராமலிருக்கக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, லாரிகளுக்குப் பின்னால் மெதுவாகவே ஓட்டினான்.