தம் தவற்றைக் கரும்பலகையில் எழுதிய வசந்தாமணி மேடம்

செவ்வாய்க்கிழமை காலை நல்லூரில் பேருந்துக்காக நின்றிருந்தபோது ஜெபராணி அழைத்தார். எங்கள் கல்லூரியில் பி.காம். படித்து, இப்போது ஒரு பனியன் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருப்பவர். “சார், வசந்தாமணி மேடம் காலைல தவறிட்டாங்க. மாரடைப்பாம். குரூப்ல பாத்தப்ப நான் நம்பல. அவங்க மகன்கிட்டயே கேட்டுட்டுதான் உங்களுக்குச் சொல்லுதேன்” என்றார். அழுகைக்கு நடுவிலும் விசாரித்து உறுதி செய்திருந்தார். அந்தப் பழக்கம் மேடம் கொடுத்தது.

பேராசிரியர் வசந்தாமணி பொங்கலூர்க்காரர்; விலங்கியல் படித்தவர். எங்கள் கல்லூரியில் அந்தத் துறையே கிடையாது. பி.காம்., ஆடை வடிவமைப்பு மாணவர்களுக்கு வாரம் ஒரு வகுப்பு அடிப்படை உயிரியல் நடத்த வந்தார். வணிகவியல் துறைத் தலைவனான எனக்கு அது வெட்டி வேலையாகப் பட்டது. “கம்பெனிக்குப் போகிற பிள்ளைக்கு உயிரியல் எதற்கு?” என்று நேராகவே கேட்டேன். “அவங்களுக்கும் ஒடம்புன்னு ஒண்ணு இருக்குதுங்களே சார்” என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்குக் கோபம்தான் வந்தது.

பாடநூலை அவர் கடைசியில்தான் திறப்பார். முதலில் நாளிதழில் வந்த அறிவியல் செய்தி. அடுத்து, அதற்கு மூலமான ஆய்வுக் கட்டுரை. ஒருமுறை அவர் வகுப்பைத் தாண்டிப் போனேன். கசாயம் குடித்தவர்களுக்குச் சர்க்கரை குறைந்தது என்று செய்தி. “டையிங்ல இருந்து சாயம் போட்ட துணி புது லாட் வந்தா எதோட வெச்சுப் பாப்பீங்க கண்ணு?” என்றார். “அப்ரூவ்டு சாம்பிளோடங்க” என்றது வகுப்பு. “அப்ப கசாயம் குடிக்காதவங்க எங்க? அவங்களோட ஒப்பிட்டுப் பாத்தாங்களா?” நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஆனாலும் மனம் மாறவில்லை.

அந்தப் பாடத்தை நிறுத்திவிட்டு நேரத்தை எங்கள் துறைக்குத் தரும்படி நான்தான் எழுதிக் கொடுத்தேன். முடிவெடுக்கக் கல்லூரி நிர்வாகத்தின் குழு ஒன்று வகுப்புக்கே வந்தது. தலைமை தாங்கியவர் ஒரு பனியன் ஏற்றுமதியாளர். நானும் கூடப் போனேன். அன்றைய செய்தி, கிருமியைக் கொல்லும் மூலிகைத் துணி. “இந்தத் துணியைப் போட்டா தோல் வியாதி வராதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க” என்று மேடம் தொடங்கினார். மேடமே வகுப்புக்குக் கொடுத்திருந்த கட்டுரையின் நகலோடு, அப்போது மாணவியாக இருந்த ஜெபராணி எழுந்தார்.

“மேடம், நீங்க சொன்னது இதுல இல்ல. தட்டுல வளத்த கிருமி மேலதான் துணிய வச்சுப் பாத்திருக்காங்க. மனுசங்க யாரும் போட்டுப் பாக்கல. துணிய ஒரு தடவ வாஷ் பண்ணிக்கூடப் பாக்கல.”

பாடம் இத்தோடு போயிற்று என்று எனக்குள் ஒரு சந்தோஷம். இன்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. மேடம் நகலை வாங்கி நிதானமாகப் படித்தார். கரும்பலகையில் ‘நான் சொன்னது தவறு’ என்று எழுதி, கீழே தேதியும் போட்டார். திரும்பியபோது அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. ஏற்றுமதியாளர் என்னிடம் சொன்னார்: “ஏனுங்க, நம்ம கம்பெனில ஒரு செக்கிங் பொண்ணு மேனேஜருகிட்ட இப்படிச் சொன்னா, பாதிச் சரக்கு திரும்பி வராதுங்க. பாடம் இருக்கட்டும்.” குழுவின் முடிவில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

வேண்டுமென்றே தவறாகச் சொன்னீர்களா என்று பிறகு கேட்டேன். “இல்லீங்க சார், நெசமாவே தப்புதானுங்க. அவசரத்துல தலைப்பை மட்டும் படிச்சுட்டு வந்துட்டேன். என்னையே திருத்தற அளவுக்குப் புள்ளைங்க வந்துட்டாங்க பாருங்க, அது போதுமுங்க” என்றார். அன்றிலிருந்து நாங்கள் நண்பர்கள்.

புதன்கிழமை அவரை வழியனுப்பிவிட்டு வந்தோம். வியாழன் அவருடைய வகுப்பு. “அந்த நேரத்தை இனி உங்க துறைக்கே வெச்சுக்கலாமுங்க” என்றார் முதல்வர். ஒரு காலத்தில் நானே எழுதிக் கேட்டது. வேண்டாம் என்றேன், புது ஆசிரியர் வரும்வரை நானே போகிறேன் என்றேன். வகுப்பில் நின்று, “எனக்கு உயிரியல் தெரியாது, நீங்களே நடத்துங்கள்” என்று சொல்லிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு மாணவி செய்தியை வாசித்தார். வாசித்து முடிப்பதற்குள் நாலு பக்கமும் கேள்வி கிளம்பிவிட்டது. மணி அடித்த பிறகும் ஒருவரும் எழவில்லை.

மேடம், உங்கள் நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நானும் எடுத்துக்கொள்ளவில்லை. போய் வாருங்கள்.