லைனத் தொட்டது யாரு?

போன வருசம் எள்ளு போட்டப்போ... இல்ல, வேர்க்கல்ல போட்டப்போ, சாலவாக்கம் ரோட்டுல ஒரு இஞ்சினியர் பொண்ண பாத்தேன். பேரு கேக்கல. ஒல்லியா, வெயில்ல கறுத்து, தலைல மஞ்ச ஹெல்மெட்டு. ஒவ்வொரு கம்பத்தயும் ஜொரம் பாக்குற மாதிரி தொட்டுத் தொட்டு பாத்துக்கினே வந்துச்சி.

"இன்னாம்மா தேடுற?"ன்னேன்.

"திருடன, தாத்தா"ன்னுச்சி. மேல போற கேபிளுக்குள்ள முடி கணக்கா கண்ணாடி நூலு கீதாம். அதுல, சேதிய பூட்டித் தொறக்குற ரகசிய சாவிய வெளிச்சத்துலயே அனுப்புறாங்களாம். நடுவுல யார்னா திருட்டுத்தனமா எட்டிப் பாத்தா வெளிச்சம் மாறிப்பூடுமாம், மிஷினு காட்டிக் குடுத்துடுமாம்.

"யாரோ கீறாங்கன்னே காட்டுது தாத்தா. ஆளு கெடைக்கலன்னா மிஷினு சரியில்லன்னு எங்க வேலையவே நிறுத்திடுவாங்க."

அந்த நேரம் என் எரும வந்து பக்கத்து கம்பத்துல முதுகு சொறிஞ்சிது. கேபிளு ஊஞ்சலாட்டம் ஆடுச்சி, உள்ள வெளிச்சமும் ஆடுச்சி போல, பொண்ணு போனுல மிஷினோட அலாரம் அடிச்சிது. பொண்ணு கைல இருந்த போன பாத்துச்சி, எருமய பாத்துச்சி, வரப்புலயே குந்திக்கினு சிரிச்சிது.

"சார், மாட்டிக்கிச்சி! கொம்பு வெச்ச திருடன்! மிஷினு பொய் சொல்லல சார்!"ன்னு போன்ல கத்துச்சி.

அந்த எருமயால நெலத்துக்காரங்க, பஸ்ஸு டிரைவருன்னு என்ன திட்டாத ஆளு இல்ல. அத கையெடுத்து கும்புட்டது அந்தப் பொண்ணு ஒண்ணுதான்.