சந்தனத்துக்கு அடியில் மூன்று சொற்கள்

மாடி வீட்டில் வாஷிங் மெஷின் வாங்கி வைத்தவர்கள், "அதிருதுங்க, வந்து பாருங்க" என்று இப்போதும் என்னை அழைக்கிறார்கள். போனதும் மெஷினைத் தொடமாட்டேன். பெட்டியோடு வந்த குறிப்புக் காகிதத்தைக் கேட்பேன். பாதி வீடுகளில் அது பிரிக்காமலே கிடக்கும். அப்போது என் காது சூடாகும். ஏன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

1. நடந்த இயந்திரம்

மேட்டூர் கரண்டு அம்மாபேட்டைக்கு வந்த புதிது. மதராஸில் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஒரு சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். பட்டறையில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். முதலாளி என்னை 'இஞ்சினியர்' என்றே கூப்பிட்டார். அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பம்பாயிலிருந்து முதலாளி ஒரு ஹைட்ரோ வாங்கினார். சாயம் ஏறிய ஈர நூலைத் துளைபோட்ட செம்புக் கூடையில் அடுக்கி, வேகமாகச் சுற்றித் தண்ணீரை எடுக்கும் இயந்திரம் அது. மூன்று இரும்புக் கால்கள். நடுவில் பெரிய அண்டா போன்ற உடல். கீழே சாயத்தொட்டிகளின் ஈரம் மோட்டாருக்கு ஆகாது என்று அதை மச்சில் ஏற்றினோம். மச்சு என்றால் தேக்கு விட்டங்கள். அவற்றின் மேல் பலகை அடித்த தளம்.

பூசை போட்டோம். ஒவ்வொரு காலுக்கும் உடலுக்கும் நடுவே பச்சை வர்ணம் அடித்த ஒரு மர ஆப்பு இருந்தது. "மூணு கண்ணு மாதிரி இருக்கு இஞ்சினியர், அதுக்கே பொட்டு வெச்சிரு" என்றார் முதலாளி. ஆப்புகளில் கறுப்பு மையில் ஏதோ எழுத்து இருந்ததைப் பார்த்தேன். கம்பெனி முத்திரை என்று நினைத்து, அதன் மேலேயே கை நிறையச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன்.

சுவிட்சைப் போட்டதும் ஹைட்ரோ ஆடியது. பிறகு நடந்தது. பெல்ட் கழன்று தெறிப்பதற்குள் ஜன்னலை நோக்கி ஒரு முழம் போயிருந்தது. வேலையாட்கள் படிக்கட்டில் முட்டிமோதி இறங்கினார்கள். கீழே, பட்டறையின் முன்பக்கக் கடையில் காபி குடித்துக்கொண்டிருந்த பள்ளிபாளையத்து வியாபாரியின் டம்ளரில் மச்சுப் புழுதி விழுந்தது. அவர் டம்ளரைப் பார்த்தார், மேலே பார்த்தார், நிதானமாகக் கேட்டார்: "ஏனுங்க, மச்சு மேல ஆனையைக் கட்டியிருக்கறீங்களா?"

2. போல்ட்டும் பழியும்

படித்தவன் என்ன செய்வான்? இறுக்கினேன். கால்களைப் பலகையோடு சேர்த்துப் போல்ட் போட்டேன். ஆட்டத்தில் ஆப்புகள் கொஞ்சம் தளர்ந்திருந்தன. அவற்றைச் சுத்தியலால் அடித்து உள்ளே செலுத்தினேன். வெள்ளிக்கிழமைதோறும் பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனம் பூசினேன். ஹைட்ரோ இப்போது நடக்கவில்லை. அதற்குப் பதில் மச்சு முழுவதும் நடுங்கியது.

கூடையில் நூல் அடுக்கியவர் செல்லாயி. திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து அம்மாபேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். பதினைந்து வருடம் கையால் நூல் முறுக்கிப் பிழிந்தவர். அந்த வேலையை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஈர நூல் சிட்டத்தைக் கையில் தூக்கினாலே கனம் சொல்லிவிடுவார். கூடை ஒரு பக்கம் கனத்தால் இயந்திரம் ஆடும் என்று நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அது உண்மைதான். அந்த உண்மைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். ஒரு நாள் பலகை ஒன்று பிளந்தது. முதலாளி கோபமாக மேலே வந்தபோது, "லோடு சமமா இல்லீங்க. அந்தம்மா ஒரு பக்கமா அடைக்கிறாங்க" என்றேன்.

மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று அவர் செல்லாயியிடம் சொல்லிவிட்டார். செல்லாயி அழவில்லை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஒவ்வொரு சிட்டமும் தூக்கிப் பாத்துத்தானுங்க வெச்சேன். நாளைக்கு நீங்களே அடுக்கி ஓட்டிப் பாருங்க சாமி."

ஓட்டிப் பார்த்தேன். தராசில் நிறுத்து நிறுத்து அடுக்கினேன். அதே ஆட்டம். குற்றம் அவருடையதல்ல என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. முதலாளி கீழேதான் இருந்தார். பத்துப் படி இறங்கினால் போதும். இறங்கவில்லை. ஒன்பது நாள் இறங்கவில்லை.

3. வெள்ளிக்கிழமை

ஒன்பதாம் நாள் வெள்ளி. சந்தனக் கிண்ணத்தோடு போனேன். அடுக்கடுக்காகக் காய்ந்திருந்த பழைய சந்தனம், ஆட்டத்தில் ஒரு ஆப்பிலிருந்து ஓடு போலப் பெயர்ந்து கீழே கிடந்தது. அடியில் ஒரு இங்கிலீஷ் சொல்: 'எடு'. மற்ற இரண்டையும் நகத்தால் சுரண்டினேன். ஆப்புக்கொரு சொல். இயந்திரத்தைச் சுற்றிவந்து படித்தால், 'ஓட்டுவதற்கு முன் எடு'.

ரயிலில் வரும்போது உடல் ஆடி அடிபடாமல் இருக்க வைத்த ஆப்புகள் அவை. அந்த உடல் மூன்று கால்களிலிருந்தும் ஸ்பிரிங் கம்பிகளில் தொட்டில் போலத் தொங்கவேண்டியது. தொட்டில் பிள்ளையின் கையைக் காலைக் கட்டிவிட்டு, ஏன் உதைக்கிறாய் என்று கேட்டிருக்கிறேன்.

ஆப்புகளைத் தட்டி எடுத்துவிட்டு ஓட்டினேன். உடல் ஒருமுறை மெல்ல அசைந்தது. பிறகு வண்டு முரலுவது போல ஒரே சீரான சத்தம். முதலாளி படியேறி ஓடிவந்தார்.

"என்னப்பா பண்ணே?"

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணேங்க."

அவர் என் தோளைத் தட்டினார். இந்தக் குறிப்பில் எனக்கு மிகவும் வெட்கமான இடம் இதுதான்.

அன்று சாயங்காலமே ஓர் ஆப்பை எடுத்துக்கொண்டு செல்லாயி வீட்டுக்குப் போனேன். நாள் முழுவதும் மண் சுமந்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். எழுத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். ஆப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எழுத்துத் தெரியாத நாங்க பூசியிருந்தாலும் சரிங்க. தெரிஞ்ச நீங்களே பூசி மறைச்சுப்போட்டீங்களே சாமி."

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தார். "எங்கிட்டச் சொன்னதை அல்லாருக்கும் முன்னால முதலாளிகிட்டச் சொல்லுங்க. அப்பத்தான் வாரேன்."

மறுநாள் காலையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். நேற்றுச் சொன்ன 'அட்ஜஸ்ட்' பொய் என்பதையும் சொன்னேன். "போய்க் கூட்டிட்டு வா" என்றார் முதலாளி.

4. குடத்துத் தண்ணீர்

ஆட்டத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைத் தீர்த்தவர் செல்லாயி. ஒரு குடம் நிறையத் தண்ணீரை மச்சில் அங்கங்கே வைத்து, ஓட்டச் சொன்னார். பலகை நடுவில் வைத்தால் தண்ணீர் தளும்பியது. விட்டத்துக்கு நேர் மேலே வைத்தால் அலுங்கவில்லை. "கால் மூணும் தண்ணி அலுங்காத எடத்துல இருக்கோணுமுங்க" என்றார். விட்டங்களின் மேல் கனத்த கட்டை போட்டு, அதில் கால்களை ஊன்றினோம். அடுத்த முறை வந்த பள்ளிபாளையத்துக்காரர் காபியைக் குடித்து முடித்துவிட்டு, ஆனையை விற்றுவிட்டீர்களா என்று கேட்டார்.

மரத்தளத்தில் எதை வைத்தாலும் நான் இன்றைக்கும் குடம் வைத்துத்தான் பார்க்கிறேன். இறுக்குவதற்கு முன் எதை எடுக்கவேண்டும் என்று தேடுகிறேன். ஒருவரைக் குறை சொல்ல வாய் வந்தால், அந்தப் பத்துப் படிகளை நினைத்துக்கொள்கிறேன். செல்லாயி மண் சுமந்த ஒன்பது நாட்களை என்னால் திருப்பித் தர முடியவில்லை.

ஆப்புகளில் ஒன்றைச் செல்லாயி, மச்சுக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அடியில் செருகி வைத்தார். அதற்கு 'இஞ்சினியர்' என்று பெயரும் வைத்தார். "இஞ்சினியர் எங்கே?" என்று முதலாளி கீழேயிருந்து கூவுவார்.

"எந்த இஞ்சினியருங்க? கதவுச் சந்துல இருக்கறவருங்களா, நடமாடறவருங்களா?" என்று மேலேயிருந்து செல்லாயியின் பதில் வரும். பட்டறையே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.